பதினோராவது படம்

பாசல்
8.12.2024

அன்புள்ள சஜீதா சித்திக்கு,

நாங்கள் மூவரும் நலம். அப்பாவின் இருமல் குறைந்துவிட்டது. உங்கள் எங்கடின் மலைப்பக்கத்தில் மைனஸ் பதினான்கு என்று கைபேசி காட்டியதைப் பார்த்த அம்மா, இந்தப் பொதிக்குள் இரண்டு சோடிக் கம்பளிக் காலுறைகளையும் வைக்கச் சொன்னார். உங்களுடைய பழைய அளவுதான்.

கைபேசியில் எல்லாப் படமும் நன்றாகத்தான் தெரியும், தாளில் அடித்து ஒட்டித் தபாலில் அனுப்பினால்தான் பார்ப்பேன் என்று நீங்கள் சொன்னபோது எனக்குச் சலிப்பாக இருந்தது. நேற்று முதல் மாதிரியை அச்சடித்துக் கையில் எடுத்த பிறகு நீங்கள் சொன்னது சரி என்று பட்டது. கைபேசியில் நடுமடிப்பு இல்லை. பக்கம் புரட்ட ஒரு விரலும் தேவையில்லை.

நீங்கள் தைத்த சாறிச் சட்டைகளின் படப் புத்தகத்தை, அந்த லுக் புக்கை, என்னிடம் நம்பித் தந்ததிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. பாடசாலைக்குப் பக்கத்து நூலகத்தில் பக்க அமைப்பைப் பற்றிய தடித்த ஜெர்மன் புத்தகம் ஒன்றை இரண்டாம் தடவையாக எடுத்திருக்கிறேன். ட்ராமில் அதை வாசித்துக்கொண்டு போய் இரண்டு தரிப்புகளைத் தவறவிட்டேன். படத்தில் இருப்பவர் எங்கே பார்க்கிறாரோ வாசிப்பவரின் கண்ணும் அங்கே போகும் என்று அதில் இருக்கிறது. அதனால் முகம் எப்போதும் நடுமடிப்பை நோக்கி இருக்க வேண்டும். வெளிப்பக்கம் பார்த்தால் வாசிப்பவரும் புத்தகத்தை விட்டு வெளியே போய்விடுவாராம்.

சூக் நகரில் எடுத்த ஒன்பது படங்களையும் ஒழுங்காக்கிவிட்டேன். ஒன்று கேட்கவேண்டும். மூன்றாவது படத்தில் உங்கள் கை காதுத் தோட்டைத் தொடுகிறது. ஆறாவதில் கொசுவத்தை விரித்துக் காட்டுகிறது. கை போகும் வழியில்தான் சட்டையின் நல்ல வேலைப்பாடும் தெரிகிறது. இது தானாக வந்ததா, யோசித்துச் செய்தீர்களா?

ஏப்ரல் பதினோராம் திகதிக்கு முன் அச்சகத்துக்குக் கொடுத்தால்தான் மே நான்காம் திகதித் திருமணக் கண்காட்சிக்குப் புத்தகம் கைக்கு வரும். மிச்சம் ஐந்து படங்களும் எப்போது?

உடம்பைக் கவனியுங்கள்.
உங்கள் பெறாமகள்,
யாதவி


எங்கடின்
15.12.2024

அன்பு யாதவிக்கு,

உன் பொதி கிடைத்தது. காலுறையை அன்றைக்கே போட்டுவிட்டேன் என்று அக்காவிடம் சொல். சுகமாக இருக்கிறேன். காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் இரண்டு மணிக்கு ஹோட்டல் சலவை அறையில் வேலை முடிந்துவிடும். பிறகு என் நேரம்.

மாதிரியை மூன்று தரம் பார்த்தேன். நான்காம் பக்கத்தில் கழுத்துப் பட்டி ஓரத்தில் ஒரு நூல் தெரிகிறது, கணினியில் அழிக்காதே, அந்தப் படத்தையே மாற்று, வேறொன்று இருக்கிறது. ஏழாம் பக்கத்தில் சாறியின் கரையை வெட்டிவிட்டாய். கரை இல்லாத காஞ்சிபுரம் என்ன காஞ்சிபுரம். கால் பக்கத்தில் கொஞ்சம் குறைத்துக் கரையைத் திருப்பித் தா.

கையைப் பற்றிக் கேட்டாய். தைக்கிறவளுக்குக் கை தானாகத் தன் வேலையைத்தான் காட்டும்.

மற்ற ஐந்து சட்டைகளையும் வெட்டி வைத்திருக்கிறேன். சின்ன மெஷினைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துத் தைக்கிறேன். கூட இருக்கிற போர்த்துக்கீசப் பெண் மெஷின் சத்தத்தில் தன் சிநேகிதனோடு கதைக்க முடியவில்லை என்கிறாள். உனக்கும் ஒரு சட்டை தைத்துத் தாறன், கொஞ்ச நாள் பொறு என்றேன். இப்போது அவளே விளக்கைப் பிடிக்கிறாள். தைத்து முடிய மகேந்திரன் அண்ணை பனிக்குள் வைத்துப் படம் எடுத்துத் தருவார். சமையலறையில் நிற்கிற மனிசனுக்குக் கமராவில் அப்படி ஒரு கண்.

சூக்கில் தயாநிதி அக்கா தன் அழகு நிலையத்தில் அரைவாசியை யூன் முதலாம் திகதியிலிருந்து எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறா. புத்தகத்தையும், கண்காட்சியில் வருகிற ஓடர்களையும் பார்த்த பிறகுதான் எழுத்தில் தருவாவாம். இல்லையென்றால் நான் கோடைக்கும் இங்கே வந்து மற்றவர்களின் படுக்கை விரிப்பை மடிக்கவேண்டும். பதின்மூன்று வருடம் மடித்தாயிற்று, யாதவி.

படிப்பை விட்டுவிட்டு இதில் நிற்காதே.
உன் சித்தி,
சஜீதா


பாசல்
5.1.2025

அன்புள்ள சித்தி,

புது வருட வாழ்த்துகள். இங்கே எல்லாரும் சுகம். அம்மா செய்த பயற்றம் பணியாரம் கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன். வழியில் தூளாகியிருந்தால் கரண்டியால் சாப்பிடுங்கள்.

கரையைத் திருப்பித் தந்துவிட்டேன். பாருங்கள்.

புத்தகத்தில் புதிதாக ஒன்று படித்தேன். பெரிய நிறுவனங்களின் லுக் புக்குகளில் உடுப்பு உடம்போடு அப்படி ஒட்டி நிற்பதற்குக் காரணம், முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இறுக்கியிருப்பார்களாம். முன்னால் மட்டும்தான் படம். இனி எந்தப் பத்திரிகையைப் பார்த்தாலும் எனக்கு அந்த முதுகுதான் நினைவு வரும். உங்கள் ஒன்பது படங்களில் நான்கில் முதுகு தெரிகிறது, கிளிப் இல்லை. அதைப் பின்னட்டையில் ஒரு வரியாக எழுதலாமா?

படங்களுக்குக் காத்திருக்கிறேன்.
யாதவி


பாசல்
2.2.2025

அன்புள்ள சித்தி,

சுகமா? போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வேலை கூட, பிறகு எழுதுகிறேன் என்ற ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது. அம்மா வீடியோவில் அழைத்தால் எடுக்கிறீர்கள் இல்லையாம். சீசன் உச்சத்தில் நிற்கிறாள், அவளைக் கரைச்சல்படுத்தாதே என்கிறார். பிறகு அவரே ஒரு நாளைக்கு நான்கு தரம் கைபேசியைப் பார்க்கிறார்.

நான் வெறுமையான ஐந்து பக்கங்களையும் முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றிக்கொண்டே இருக்கிறேன். கணிதப் பரீட்சை நடந்தபோதுகூட மனதில் பத்தாம் பக்கம்தான் நின்றது. ஆறுக்கு நாலரைதான் கிடைத்தது. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஒரு வரி எழுதுங்கள்.
யாதவி


எங்கடின்
16.2.2025

அன்பு யாதவி,

நான் சுகம். பயப்பட ஒன்றும் இல்லை. இந்தக் கடிதத்தைக் கணினியில் அடித்து வரவேற்பறையில் அச்செடுத்தேன், வேலை கூட என்பதால். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

ஐந்து படங்களும் மின்னஞ்சலில் வந்திருக்கும். 10, 12, 13, 14 நல்லது. 11ஐ விட்டுவிடு. அது சரியாக வரவில்லை.

கணிதத்தைப் பார். அக்காவுக்கு என் அன்பு.
சித்தி


பாசல்
23.2.2025

அன்புள்ள சித்தி,

நீங்கள் சுகம் என்று கண்டதும்தான் வீட்டில் எல்லாரும் ஒழுங்காக மூச்சு விட்டோம். ஆனால் உங்கள் கையெழுத்து இல்லாத கடிதம் யாரோ அலுவலகத்திலிருந்து எழுதியது போல இருக்கிறது. அடுத்த தடவை இரண்டு வரியாவது கையால் எழுதுங்கள்.

படங்கள்! அந்தக் கையுறை எப்படி உங்களுக்குத் தோன்றியது? மயில் நீலக் காஞ்சிபுரம், முழுப் பனி, வலது கையில் மட்டும் தடித்த சிவப்புப் பனிச்சறுக்குக் கையுறை. நான் அரை மணித்தியாலம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கை ஊரிலும் ஒரு கை இங்கேயும் இருப்பதுபோல. நான்கு படங்களிலும் அந்த ஒரு கையுறையைத் தொடர்ந்து போட்டிருப்பதால் அது ஒரு கதையாகிவிட்டது. 12ஆவது படத்தை முன்னட்டைக்குப் போட்டுவிட்டேன். என் வகுப்பு மதுஜாவின் அக்கா சரணியாவுக்கு ஆகஸ்டில் கலியாணம். மதுஜா கைபேசியில் அந்த அட்டையைக் காட்டியவுடன், இவவிடம்தான் என்னுடைய சட்டை என்று சொல்லிவிட்டாராம்.

11ஐ மட்டும் என்னால் விட முடியாது, மன்னியுங்கள். ரயில் பாதை ஓரக் கம்பியில் கையை வைத்துக்கொண்டு தூரத்தில் எதையோ பார்க்கிறீர்களே, பதினான்கில் அதுதான் உங்கள் முகம். மற்றவற்றில் நீங்கள் சட்டையைக் காட்டுகிறீர்கள். இதில் கமரா இருப்பதையே மறந்துவிட்டீர்கள். விரல்களில் மஞ்சள் பட்டுத் துண்டைச் சுற்றியிருப்பதும் அழகு.

ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று யோசித்துக் கண்டுபிடித்தேன். அது இடப்பக்கத்தில் வருகிறது, நீங்கள் புத்தகத்துக்கு வெளியே பார்க்கிறீர்கள். அதற்கு வழி இருக்கிறது. படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலமாகத் திருப்பிவிட்டேன். இப்போது மடிப்பை நோக்கிப் பார்க்கிறீர்கள். கம்பியில் இருக்கும் கை மட்டும் மடிப்புக்குள் கொஞ்சம் போகிறது. பசை போட்டு ஒட்டுவதால் ஒரு விரலளவு உள்ளே போகும். முகம் தப்பியது, அதுதான் முக்கியம்.

புது மாதிரியை அனுப்புகிறேன். நீங்கள் வழமைபோல நூல் நூலாகத் திட்டுவீர்கள் என்று பென்சிலோடு காத்திருக்கிறேன்.

அன்புடன்,
யாதவி


எங்கடின்
9.3.2025

அன்பு யாதவி,

சுகம். மாதிரி கிடைத்தது. எல்லாம் நன்றாக இருக்கிறது. 11 இப்போது சரி. நீ திருப்பியபடியே இருக்கட்டும், மாற்றாதே. அச்சுக்குக் கொடுத்துவிடு.

சித்தி


பாசல்
16.3.2025

அன்புள்ள சித்தி,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று உண்மையாகவே நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

நேற்று மாதிரிப் புத்தகத்தை மேசையில் விரித்து வைத்திருந்தேன். அம்மா கறிச்சட்டியோடு கடந்து போனவர் நின்றுவிட்டார். “இதார், முந்தானையை வலத்தோளில போட்டுக்கொண்டு நிக்கிறது? மூக்குத்தியும் இடம் மாறிக் கிடக்கு. சஜீதாவை நீ குஜராத்துக்கு அனுப்பிப்போட்டியோ?” என்று கேட்டார். அப்பாவும் வந்து பார்த்துச் சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஜெர்மன் புத்தகத்தில் சாறிக்குப் பக்கம் உண்டு என்று எழுதியிருக்கவில்லை. எனக்காவது அது தெரிந்திருக்க வேண்டும். கண்காட்சிக்கு வருகிற எந்த மாமியும் முதலில் இதைத்தான் கண்டிருப்பார்.

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நீங்கள் எப்படிக் காணாமல் விட்டீர்கள்? கழுத்துப் பட்டியில் ஒரு நூலைக் கண்டவர் நீங்கள். அம்மா மூன்று மீற்றர் தூரத்தில் நின்று கண்டதை, மாதிரியைக் கையில் வைத்திருந்த நீங்கள் காணவில்லையா? கண்டிருப்பீர்கள். கண்டும், திருப்பியபடியே இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் என்று எனக்கு இரவு முழுக்க ஓடிக்கொண்டே இருந்தது.

இன்று காலை அந்தப் பக்கத்தின் ஒட்டைப் பிரித்தேன். மடிப்புக்குள் போயிருந்தது உங்கள் வலது கை.

திருப்பாத படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சள் பட்டுக்கு அடியில் வெள்ளைக் கட்டு தெரிகிறது. சுட்டுவிரலும் நடுவிரலும் கம்பியைப் பிடிக்கவில்லை, நீட்டிக்கொண்டு நிற்கின்றன. பிறகு மற்ற நான்கையும் பார்த்தேன். நான் கதை என்று எழுதினேனே, அந்தக் கையுறையை. அந்த நான்கில் ஒன்றிலும் முதுகு இல்லை. 13இல் இடுப்புக்குப் பின்னால் நீலமாக ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறது. உடுப்புக் காயப்போடுகிற கிளிப் போல.

சித்தி, கையில் என்ன?

அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.
யாதவி


எங்கடின்
30.3.2025

அன்பு யாதவிக்கு,

உங்கள் எல்லாருடைய சுகத்தையும் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு கிழமையாக இந்தக் கடிதத்தை அடித்து அடித்து அழித்தேன்.

யனவரி ஒன்பதாம் திகதி. சலவை அறையில் விரிப்புகளை உருளைக்குள் விட்டு அழுத்துகிற பெரிய மெஷினில் நின்றேன். ஒரு விரிப்பின் ஓரம் மடிந்து உள்ளே போனது. ஒருவரும் சொல்லவில்லை, நானாகத்தான் கையை நீட்டி இழுத்தேன். மடிப்போடு ஒரு துணி போவதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது, அவ்வளவுதான். குவர் நகர ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்தார்கள். உன்ஃபால் என்கிற விபத்துக் காப்புறுதி சம்பளத்தைத் தருகிறது. இப்போது காலை உணவு மண்டபத்தில் பாத்திரம் எடுத்து வைக்கிறேன். இரண்டு விரலும் மடங்குவதில்லை. ஊசியைப் பிடித்தால் விழுகிறது, பிடித்தேனா இல்லையா என்றும் தெரிவதில்லை.

11இல் நான் போட்டிருக்கிறது எட்டாம் திகதி முடித்த சட்டை. மற்ற நான்கும் வெட்டியபடியே தைக்காமல் கிடந்தன. போர்த்துக்கீசப் பெண்தான் முதுகில் கிளிப் போட்டுவிட்டாள். நீ எழுதிய புத்தகத்து வித்தையைத்தான் செய்தேன்.

தயாநிதி அக்காவுக்குத் தெரிந்தால் அரைக்கடையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவா. உன் அம்மாவுக்குத் தெரிந்தால் அன்றைக்கே ரயில் ஏறி வந்து, உனக்கு ஏன் இந்தக் கடை ஆசை என்று தொடங்கி, என்னைப் பாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சோபாவில் இருத்திவிடுவா. ஆகஸ்டுக்குள் விரல் வழிக்கு வரலாம் என்று வைத்தியர் சொல்கிறார். வரலாம் என்றுதான் சொல்கிறார்.

புத்தகத்தை உள்ளபடியே கொடு. யூனில் கடையின் திறப்பு என் கைக்கு வந்துவிட்டால் பிறகு எப்படியாவது சமாளிப்பன். நீ சின்னப் பிள்ளை, இதை உன் தலையில் போட்டதற்கு மன்னித்துக்கொள்.

சித்தி


பாசல்
3.4.2025

அன்புள்ள சித்தி,

கடிதத்தை ட்ராமில் வாசித்தேன். கடைசித் தரிப்பு மட்டும் போய், அங்கே இறங்காமல் அதே ட்ராமில் திரும்பி வந்தேன். விரல் இப்போதும் நோகிறதா? அதை நீங்கள் எழுதவில்லை.

நான் உங்களோடு எதிர்த்துக் கதைத்ததில்லை. இதைக் கடிதத்தில் எழுதுவதால்தான் எழுத முடிகிறது.

என்னால் அதை அச்சகத்துக்குக் கொடுக்க முடியாது. மதுஜாவின் அக்கா அந்த அட்டையைக் கைபேசியில் சேமித்து வைத்திருக்கிறார். ஆகஸ்ட் இருபத்துமூன்றாம் திகதி முகூர்த்தம். யூலையில் அளவு கொடுத்துவிட்டு அவர் காத்திருப்பார். முடியவில்லை என்று நீங்கள் எந்த நாளில் சொல்வீர்கள்? அந்த அட்டையைச் செய்தது நான். கையுறைக்குக் கதை சொன்னதும் நான்.

நான்கு படங்களையும் எடுத்துவிட்டேன். பத்துத்தான் மிச்சம். பத்தும் நீங்கள் தைத்து முடித்தவை, நான்கில் முதுகே தெரிகிறது. இரண்டு கிழமையில் சட்டை தைத்துத் தரப்படும் என்று பின்னட்டையில் இருந்த வரியையும் எடுத்துவிட்டேன். 11ஐ வைத்திருக்கிறேன், உங்கள் முந்தானை உங்கள் இடத்தோளிலேயே இருக்கிறபடி. அந்தக் கை தெரியும்.

நீங்கள் வேண்டாம் என்றால் பழைய கோப்பை அப்படியே அனுப்பிவிடுகிறேன், வேறு யாராவது கொடுக்கட்டும். நான் செய்ததாக அதில் என் பெயரைப் போடவேண்டாம். பதினோராம் திகதி வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு அச்சகம் மூடுகிறது.

கோபிக்காதீர்கள்.
யாதவி


எங்கடின்
8.4.2025

யாதவி,

இடக்கையால் எழுதுகிறேன். நீ கேட்ட கையெழுத்து இதுதான் இப்போது.

உன்னோடு இரண்டு நாள் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் தயாநிதி அக்காவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டுக்கொண்டா. பிறகு, “மூண்டு மாசமா எனக்குப் பொய் சொல்லியிருக்கிறாய்” என்றா. ஓம் என்றேன். அரைக்கடை இந்த வருடம் இல்லையாம், தைக்கத் தெரிந்த வேறொருவரைக் கேட்கப்போகிறாவாம். வைக்கப் போனவ வைக்காமல், “அந்தப் பனிக்குள்ள உனக்கு ஆர் சாறி கட்டிவிட்டது?” என்று கேட்டா. நானேதான் என்றேன். “அந்தக் கையோடயோ?” அந்தக் கையோடதான். அப்படியென்றால் சனிக்கிழமைகளில் வந்து மணப்பெண்களுக்குக் கட்டிவிடு, மிச்சத்தை விரலைப் பார்த்துக் கதைப்போம் என்றா.

சனிக்கிழமை மட்டும்தான். கோடைக்கும் இங்கே கையெழுத்துப் போட்டுவிட்டேன், அதுவும் இடக்கையால்.

11ஐப் போடு. உன் அம்மாவுக்கு நானே சொல்கிறேன். உன் பெயரை எடுக்காதே.

சித்தி


பாசல்
24.4.2025

அன்புள்ள சித்தி,

உங்கள் கடிதத்தில் ‘ழ’ மட்டும் சரிந்து விழுகிறது, மற்ற எல்லாம் நிற்கின்றன. விரலுக்குச் சொன்ன பயிற்சியை நாளுக்கு மூன்று தரம் செய்கிறீர்களா என்று கேட்கச் சொன்னது அம்மா. நீங்கள் அவரோடு கதைத்த அன்று அவர் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நெடுநேரம் வெளியே வரவில்லை. பிறகு வந்து, எனக்கு எப்போது தெரியும் என்று கேட்டார். சொன்னேன். கணிதப் புள்ளியையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

சரணியா அக்காவிடமும் நானே சொன்னேன். அவருக்கு ஏமாற்றம்தான். சட்டையை வேறு இடத்தில் கொடுக்கிறாராம். நீங்கள் சனிக்கிழமைகளில் மணப்பெண்களுக்குச் சாறி கட்டிவிடப் போவதைச் சொன்னதும், ஆகஸ்ட் இருபத்துமூன்று சனிக்கிழமையா என்று கைபேசியில் பார்த்தார். ஆம், சனிக்கிழமைதான்.

நேற்றுப் புத்தகங்கள் வந்தன. ஒன்றை இத்தோடு அனுப்புகிறேன். அட்டையில் ஆறாவது படம், கொசுவத்தோடு. 11ஐக் கடைசியில், இடப்பக்கத்தில் விட்டிருக்கிறேன். நீங்கள் வெளியேதான் பார்க்கிறீர்கள். நூலகப் புத்தகத்தின்படி இது பிழை. அதை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன், தாமதக் கட்டணத்தோடு.

அந்தப் பக்கத்தில் உங்கள் கை இப்போது தாளின் வெளி ஓரத்தில் வந்திருக்கிறது. அச்சாகி வரும்வரை எனக்கு ஒரு விஷயம் தெரியவில்லை. புத்தகத்தை விரித்துப் பிடிக்கிறவரின் இடது பெருவிரல் சரியாக அந்த இடத்தில்தான் படும். வேறெங்கும் பிடிக்க முடியாது.

அம்மா மேசையில் இருந்து முதல் பக்கத்திலிருந்து பார்த்தார். கரைகளைப் பார்த்தார், முந்தானைகளைப் பார்த்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது அவருடைய பெருவிரல் உங்கள் விரல்கள் மேல் இருந்தது. அதற்குப் பிறகு பின்னட்டை மட்டும்தான். அவர் மூடவில்லை. அடுப்பில் சோறு அடிப்பிடிக்கிற மணம் வந்து, நான் போய் இறக்கிவிட்டு வந்தேன். அப்போதும் பெருவிரலை எடுக்காமல் அப்படியே இருந்தார்.

யாதவி